கட்டையைப் பார்சலில் அனுப்பாதே

மூத்தியே,
நவம்பர் 19

அன்புள்ள அர்மெலுக்கு,

நானும் லுசியனும் நலம். உன் நலத்தைக் கேட்டுத்தான் தொடங்க வேண்டும், ஆனால் உன் அஞ்சல் அட்டை வந்ததிலிருந்து எனக்கு உன்மேல் கோபம். அதனால் பூனையை மட்டும் கேட்டதாகச் சொல்.

என் பனிச்சறுக்குக் கட்டையைப் பார்சலில் அனுப்புகிறாயாம். உன்னுடையதை நான் திருப்பி அனுப்ப வேண்டாமாம், இனி உனக்கு அது தேவைப்படாதாம். இதை எழுத எப்படி உனக்குக் கை வந்தது? இளம்வயதில் ரோஷ்நுவார் மலையூர் ஓட்டலில் ஒன்றாகத் தட்டு கழுவிய குளிர்காலத்திலிருந்து ஜனவரியில் ஒரு வாரம் நம்முடையது. கல்யாணம், பிள்ளைப்பேறு எதுவும் அதைத் தடுத்ததில்லை. போனில் கேட்டால் கான்கார்னோவில் மழை, காற்று என்று வானிலை பேசிவிட்டு வைத்துவிடுகிறாய். கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது. முழுவதும் படி.

முதலில் ஊர்ச் செய்தி. போன ஞாயிறு இங்கே முதல் பனி விழுந்தது. மேலே ரோஷ்நுவாரில் முழங்கால் அளவு இருக்கிறதாம். மதாம் பெர்த்தியே நான் கேட்காமலே நம் வாரத்துக்கு அந்தப் பால்கனி வீட்டை ஒதுக்கி வைத்துவிட்டாள். பள்ளிக்கூடம் திறந்து, பாரிஸ்காரர்கள் எல்லாம் இறங்கிப் போன பிறகு வருகிற வாரம்தான், வழக்கம்போல. யாரோ ஒரு குடும்பம் கூடுதலாகத் தருகிறோம் என்று கேட்டதற்கு, அந்த இரண்டு கிழவிகளும் வருவார்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டாளாம். கிழவி என்றதற்கு அவளை நேரில் கவனித்துக்கொள்ளலாம்.

பனி விழுந்த அன்றே முற்றத்தில் கட்டைகளை மாட்டிப் பார்த்தேன். இடது காலில் என் சிவப்பு, வலது காலில் உன் நீலம். நீ என்னைவிட ஒரு தலை உயரம், உன் கட்டையும் அப்படியே. இரண்டு அடி வைப்பதற்குள் கோணிக்கொண்டு வேலியில் போய் மோதினேன். லுசியன் ஜன்னலிலிருந்து பார்த்து, "நொண்டிக் கொக்கு மாதிரி இருக்க, புதுசா ஒரு ஜோடி வாங்கித் தொலையேன்" என்றான். ஒரு நாளைக்கு ஆறு வார்த்தை பேசுகிற என் புருஷன் அன்றைய கணக்கைத் தாண்டியே பேசிவிட்டான். நான் மாட்டேன் என்றேன்.

இந்தக் கூத்துக்கு நம் சாமர்த்தியம்தான் காரணம். எந்த மலை உணவகத்துக்குப் போனாலும் உன் கட்டையில் ஒன்றும் என் கட்டையில் ஒன்றும் சேர்த்து வாசலுக்கு இந்தப் பக்கம், மிச்சம் இரண்டையும் அந்தப் பக்கம் வைப்போம். ஜோடி சேராததைத் திருடன் தொடமாட்டான். ஆன்செல்மின் உணவகத்திலும் போன ஜனவரியில் அப்படித்தான் வைத்தோம். நெஞ்சுவலி வந்த என்னை ஹெலிகாப்டரில் ஏற்றியதும் நீ கைக்கு அகப்பட்ட ஒரு பக்கத்துக் கட்டைகளை அள்ளிக்கொண்டு ரோப் காரில் இறங்கி ஆஸ்பத்திரிக்கு ஓடி வந்தாய். மறுபக்கத்து இரண்டையும் பனிக்காலம் முடிந்து உணவகத்தை மூடியபோது ஆன்செல்ம் என்னிடம் கொண்டுவந்து கொடுத்தான். திருடனை ஏமாற்றினோம், நாமும் ஏமாந்தோம்.

அர்மெல், உன் அட்டையை லுசியனும் படித்தான். பிறகுதான், ஆஸ்பத்திரி நடையில் நீ அழுதுகொண்டே சொன்னதை என்னிடம் சொன்னான். "கால் வலிக்குது, ரூம்லயே இருக்கேன்னு சொன்னவள நான்தான் மேல இழுத்துட்டுப் போனேன். இனி அவ மூஞ்சில எப்படி முழிப்பேன்?" இத்தனை மாதமாக இதை நெஞ்சில் வைத்துக்கொண்டா மழையைப் பற்றிப் பேசினாய்? பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பது இதுதான்.

டாக்டர் சொன்னதைக் கேள். என் ரத்தக்குழாய் பல வருஷமாக அடைத்துக்கொண்டே வந்திருக்கிறது. அந்த வாரம் நான் எங்கே இருந்தாலும் நெஞ்சுவலி வந்திருக்கும் என்கிறார். நான் சொன்னபடி நீ என்னை விட்டுவிட்டுத் தனியாக மேலே போயிருந்தால், அந்த அறையில் ஆளில்லாமல் விழுந்திருப்பேன். மாலையில் வந்து நீ கதவைத் தட்டியிருப்பாய், திறக்க நான் இருந்திருக்க மாட்டேன். நீ பிடிவாதமாக இழுத்துப் போனதால்தான் உன் மடியில் விழுந்தேன். ஆன்செல்ம் மீட்புக்காரர்களைக் கூப்பிட்டான், நீ உன் கோட்டைக் கழற்றி என்மேல் போட்டாய், அந்தக் குளிரில் வெறும் ஸ்வெட்டரோடு உட்கார்ந்திருந்தாய். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று.

அப்போது நீ சொன்னது எனக்குக் கேட்டது. என் கன்னத்தைத் தட்டித் தட்டி, "கண்ண மூடாதடி. மூடுனா உன் சூப்பையும் நானே குடிச்சிருவேன்" என்று சொல்லிக்கொண்டே இருந்தாய். உனக்குக் கொடுத்துவிடக் கூடாது என்ற வீம்பில்தான் கண்ணைத் திறந்தே வைத்திருந்தேன். இதுவரை உனக்கு நன்றி சொல்லவில்லை. சொல்ல வந்த போதெல்லாம் மழை பெய்தது. இப்போது சொல்கிறேன், நான் உயிரோடு இருப்பது உன்னால்.

இனி ஜனவரி. டாக்டர் என்னைப் போகலாம் என்று சொல்லிவிட்டார், சில கட்டளைகளோடு. முதல் இரண்டு நாள் கீழே ஊசியிலை மரங்களுக்குள்ளேயே நடக்க வேண்டும். உடம்பு ஏற்றுக்கொண்டால் பிறகு மேலே போய் நீலச் சரிவு, குழந்தைகள் இறங்குகிற சரிவு. செங்குத்தான கறுப்புச் சரிவை நாம் பார்த்துப் பெருமூச்சு விடலாம். பாலாடைக்கட்டி விஷயத்தில் என் வாயைக் கட்டிவிட்டார், என் பங்கையும் நீ என் கண்ணெதிரே தின்னலாம். தனியாகப் போகவே கூடாது. பேசிக்கொண்டே போகிற வேகத்தில்தான் சறுக்க வேண்டும், பேச மூச்சுத் திணறினால் உடனே நிற்க வேண்டும். இதற்கு லுசியனை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வேன்? அவனோடு போனால் கம்பத்துக்குக் கம்பம் நிற்க வேண்டியதுதான். உன்னைப் போல வாயாடி இந்த மலையிலேயே இல்லை.

பயமாக இருக்கிறது என்றால் சொல், எனக்கும் இருக்கிறது. இரவில் நெஞ்சில் கைவைத்துப் பார்த்துவிட்டுத்தான் தூங்குகிறேன். நீ பக்கத்தில் இருந்தால் அந்தப் பயம் பாதியாகும், அவ்வளவுதான் எனக்குத் தெரியும். மேலே வர மனம் இல்லாவிட்டால் பால்கனியில் உட்கார்ந்து சீட்டாடலாம். ஆனால் வா.

கட்டை பார்சலில் வந்தால் கையெழுத்துப் போட மாட்டேன், வந்த வழியே கான்கார்னோவுக்குத் திரும்பும். காரில் வைத்து நீயே கொண்டு வா. உன் நீலத்துக்கு மெழுகு பூசி வாசலில் நிறுத்தியிருக்கிறேன், என் சிவப்புக்குத் துணையாக. பனிக்கு டயரில் மாட்டுகிற சங்கிலியை மறக்காதே, நீ எப்போதும் மறப்பாய். லுசியனுக்கு உங்கள் ஊர் உப்பு வெண்ணெய் கொஞ்சம். வழியில் தூக்கம் வந்தால் நிறுத்திக் கொஞ்சம் தூங்கிவிட்டு ஓட்டு.

ஆன்செல்ம் நேற்று சந்தையில் என்னைப் பார்த்து, அன்று மேசையில் ஆறிப்போன என் சூப்பை நினைவுபடுத்தினான். அந்த ஒரு கிண்ணம் எனக்கு இன்னும் பாக்கி. அதே பெஞ்சில் உட்கார்ந்து நான் அதைக் கடைசிச் சொட்டு வரை குடிக்கப் போகிறேன். பக்கத்தில் நீ இருந்து, நான் குடிப்பதைப் பார்க்க வேண்டும்.

உன்னை வாசலில் நின்று எதிர்பார்க்கும்,
மரீஸ்