தமாரைத் தூங்கவிட்டேன்

கிளாத்தன்,
ஞாயிறு

அன்பு மகள் விடூரிக்கு, அம்மா எழுதுகிறேன். ஒசாகாவில் குளிர் தொடங்கியிருக்கும், நீ சுகமாக இருக்க வேண்டும் என்று தொழுகையில் தினமும் கேட்டுக்கொள்கிறேன். இங்கே நாங்களும் சுகம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், மனம் வரவில்லை.

சாப்பிடும்போதே கரண்டி கையில் நிற்க, உன் தம்பி தமாரின் கண் எங்கோ போய்விடுகிறது என்று சொன்னேன் அல்லவா. மனதைக் காலியாக விட்டால் பேய் புகுந்துவிடும் என்று எல்லோரையும் போல நானும் அதட்டிக்கொண்டிருந்தேன். நீ வற்புறுத்திய பிறகுதான் மூளை அலைச் சோதனைக்கு நாள் வாங்கினோம். பக்கத்து வீட்டு தர்மி அக்கா, "அலை நெறைய இருந்தா கெட்டிக்காரனாமே? எங்க வீட்டுக்காரர் தலையில வெச்சுப் பாருங்க, மிஷினே நின்னுரும்" என்று சிரிக்கிறாள். அந்த அலை அறிவும் இல்லை நினைப்பும் இல்லை, மூளையில் ஓடும் மின்சாரத்தின் தாளம், வலிப்புக் கோளாறு இருந்தால் தூக்கம் கெட்ட தலையில்தான் சுலபமாகப் பிடிபடும், அதனால் முதல் நாள் இரவு அவனைத் தூங்கவிடாதீர்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். பையன் கண் சொருகிக் கெஞ்சினான், தூங்கவிட்டேன். காலையில் அவன் தலையில் கம்பிகளை ஒட்டிய பெண், விழித்திருந்தானா என்று கேட்டபோது ஆமாம் என்றேன். இரக்கம் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன், உள்ளே இருந்தது முடிவு நல்லபடி வந்துவிட வேண்டும் என்ற ஆசைதான்.

அப்படியே வந்தது. அப்பா தெருவையே அழைத்து நன்றி விருந்து வைத்தார். விருந்துக்குக் கூம்பாகக் குவித்த மஞ்சள் சோற்றின் நுனியை வெட்டித் தமாருக்கு ஊட்டி, பள்ளிக்கூடத்தோடு ஊற்றுக் குளத்துக்கு நீந்தப் போகவும் சம்மதித்துவிட்டார். தண்ணீருக்குள் அவன் கண் அப்படிப் போனால்? எனக்குச் சோறு இறங்கவில்லை. நேற்று அப்பாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். "என்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே" என்று எழுந்து போன அப்பா இன்னும் சரியாகப் பேசவில்லை. தமார், "அப்ப சாப்பிட்டவங்கல்லாம் சோத்தத் திருப்பித் தரணுமா?" என்று கேட்டான், குளம் கிடையாது என்று புரிந்ததும் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டான்.

டாக்டரிடமும் சொன்னேன். வியாழக்கிழமை மறுபடி சோதனை. புதன் இரவு நீ வீடியோவில் வந்து அவனை விழிக்க வைத்துக்கொண்டிரு. அப்பா கூட இருப்பார், ஆனால் அவர் பத்து மணிக்கே குறட்டை விடுவார். நடுவில் நான் வந்து, பாவம், கொஞ்சம் கண்ணயரட்டும் என்று சொன்னால் அம்மா என்று பார்க்காதே, அதட்டு.

குளிரில் காதை மூடிக்கொண்டு வெளியே போ, வேளைக்குச் சாப்பிடு. இறைவன் உனக்குத் துணையிருக்கட்டும். புதன்கிழமையை மறந்துவிடாதே.

உன் அம்மா,
பிரதிவி