சார்லா சந்தையில் அர்மோன்

அன்புள்ள அப்பாவுக்கு,

சொலேன் எழுதுகிறேன். முழங்கால் வலி குறைந்ததா? நான் நலம்.

நான் வேலை பார்க்கும் விடுமுறை வீட்டில் அர்மோன், லூசெத் என்ற வயதான தம்பதி தங்கியிருக்கிறார்கள். குளிர்காலத்தில் அர்மோனுக்குப் பார்வை போய்விட்டதாம். "கண்ணு தெரியாதவனுக்குப் பழைய ஊரு எதுக்கு? நீ போய்ப் பாரு" என்று அறையிலேயே கிடந்தார். லூசெத் மனம் வெறுத்து ஊர் திரும்பப் பெட்டி கட்டத் தொடங்கிவிட்டார். நான்தான் வற்புறுத்தி இருவரையும் அந்தப் பழைய ஊரான சார்லாவின் சந்தைக்குக் கூட்டிப்போனேன்.

சந்தை நெரிசலில் அர்மோன் என் கையை விட்டுக் காணாமல் போனார். பயப்படாதீர்கள், கொஞ்ச நேரம்தான். நானும் லூசெத்தும் தேடிப் போனால், சதுக்கத்தில் உள்ள வெண்கல வாத்துச் சிலைகளைத் தடவிக்கொண்டு நின்றார்.

"லூசெத், இந்த வாத்து கழுத்த நீட்டிக்கிட்டு நிக்கிறத பாரு. அப்படியே நீதான்."

"எனக்கு உயிரே போச்சு. உங்களுக்கு வாத்து கேக்குதா?" திட்டிக்கொண்டே லூசெத் சிரித்துவிட்டார்.

அப்புறம் ஒவ்வொரு பழைய வாசலையும் தொட்டுப் பார்க்காமல் அர்மோன் நகரவில்லை. கட்டிய பெட்டியைப் பிரித்தாயிற்று. இன்று தோம் என்ற கோட்டை ஊருக்குப் போகிறோம்.

இங்கே வெண்ணெயில் உப்பே இல்லை, அப்பா. அண்ணன் இந்தப் பக்கம் வந்தால் நம்மூர் உப்பு வெண்ணெய் கொடுத்தனுப்புங்கள். ஞாயிறு சாப்பாட்டு நேரத்தில் போன் போடுங்கள். பேச ஒன்றும் இல்லாவிட்டாலும் பரவாயில்லை.

அர்மோன் அதற்குள் காரில் ஏறி ஹார்ன் அடிக்கிறார். ஓடுகிறேன்.

உங்கள் மகள்,
சொலேன்