பழத்தின் மேல் பழி

பூசாரியண்ணா,

இன்று காலை புதுப்பட்டினம் கடைத்தெருவில் யாரோ புது வேனுக்குப் பூஜை போட்டார்கள். சக்கரத்தில் எலுமிச்சம்பழம் நசுங்கிய வாசனை. உடனே உங்கள் ஞாபகம், கூடவே கோபம், கூடவே சிரிப்பு. நீங்கள் போய்ச் சேர்ந்து இத்தனை வருஷமாகியும் மூன்றும் ஒன்றாகத்தான் வருகின்றன.

லீவில் வந்திருந்த என்னைக் கார்கில் சண்டைக்குத் திருப்பி அழைத்த அன்று, அம்மன் கோயிலில் சாமியாடினீர்கள். ஓர் எலுமிச்சம்பழத்தை என் கையில் திணித்து, "ஒரு கீறல் வுழாது. நான் பாத்துக்கிறேன்" என்றீர்கள். அம்மா அப்புறம்தான் அழுகையை நிறுத்தினாள்.

மலைக்குளிரில் அந்தப் பழம் விறைத்துக் கல்லாகிவிட்டது. எங்கள் சமையல்காரர் பஞ்சாபி. விஷயம் தெரியாமல் அதை வெந்நீரில் போட்டு இளக்கிப் பருப்பில் பிழிந்துவிட்டார். ருசித்துத்தான் சாப்பிட்டோம். அடுத்த வாரம் குண்டுச் சிதறலில் என் இடது கால் முழங்காலோடு போயிற்று.

கட்டைக்காலோடு நான் ஊர் வந்து இறங்கியதும் நீங்கள் கேட்ட முதல் கேள்வி, "பழம் எங்க?" நடந்ததைச் சொன்னேன். உங்கள் முகத்தில் வந்த நிம்மதி இருக்கிறதே, அதை இன்னும் நான் மன்னிக்கவில்லை.

"ஆத்தா குடுத்த காவலப் பருப்புல புழிஞ்சா அவ இன்னா பண்ணுவா?"

ஊரே தலையாட்டியது. நானும் நம்பி, அந்தப் பஞ்சாபியைத் திட்டி ஒரு கடிதம்கூட எழுதத் தொடங்கினேன்.

அம்மா விடவில்லை. ஆடியில் கூழ் ஊற்றும் நாளன்று கூட்டத்தின் நடுவே உங்களைப் பிடித்தாள். "இன்னாய்யா பூசாரி, 'நான் பாத்துக்கிறேன்'னியே, அந்த 'நான்' யாரு? ஆத்தாவா, நீயா? ஆத்தான்னா கூப்புடு, கேட்டுடறேன்."

உங்களைக் காப்பாற்ற உடுக்கைக்காரர் அவசரமாக அடிக்க ஆரம்பித்தார். நீங்கள் கையமர்த்தி நிறுத்தினீர்கள்.

"ஆத்தா அன்னிக்கு வரவே இல்லக்கா. நீ அழுதுகினு இருந்த, மனசு கேக்கல. நான்தான் சொன்னேன். பழத்து மேல பழி போட்டதும் நான்தான்."

கூழ் ஆறும்வரை அம்மா திட்டினாள். நீங்கள் நகரவே இல்லை. மறுநாளிலிருந்து என்னைச் செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனது நீங்கள்தான்.

இப்போது பட்டாளத்தில் சேரத் துடிக்கிற பையன்களைக் கடற்கரையில் ஓடவிட்டு, உட்கார்ந்தபடி விசில் ஊதுகிறேன். அவர்கள் கிளம்பும் நாளில் அம்மாமார்கள் கேட்பார்கள்: "நல்லபடியா வந்துடுவான் இல்ல?"

உங்கள் பொய் என் நாக்கு நுனிவரை வரும். விழுங்கிவிட்டு, "தெரியாதும்மா" என்கிறேன்.

"உன் வாயில நல்ல வார்த்தையே வராதா?" என்று பிடித்துக்கொள்கிறார்கள்.

பையன் லீவில் வரும்வரை ஞாயிறுதோறும் அந்த வீட்டில் போய் உட்கார்ந்து, மிச்சத் திட்டையும் வாங்கிக்கொள்கிறேன்.