துடைக்காத பெடல்

மார்ச் 4, செவ்வாய்

இன்றும் என் வாயில் முணுமுணுப்பாகப் பிறந்தது, அவர் வாயில் போய்ப் பேச்சாகிவிட்டது. பெடல் அச்சின் ரப்பர் வளையத்துக்கு இன்னொரு உதடு, அதாவது மெல்லிய விளிம்பு, வைத்தால் தண்ணீர் உள்ளே போகாது என்று கூட்டத்தில் சொன்னேன். பக்கத்து நாற்காலிக்குக்கூடக் கேட்டிருக்காது. ஆனால் அவருக்குக் கேட்டிருக்கிறது. கொஞ்ச நேரம் கழித்துத் தொண்டையைச் செருமிக்கொண்டு, "எனக்கு என்ன தோணுதுன்னா, இன்னொரு உதடு வெச்சுப் பாக்கலாம்" என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள். நானும் ஆட்டினேன். அதைத்தான் பொறுக்க முடியவில்லை.

அவர் எங்கள் சோதனைக்கூடத் தலைவர். இந்த டைரியில் மட்டும் அவரைப் பளபளா என்று எழுதிக்கொள்கிறேன். வெள்ளைக் கைக்குட்டையால் எந்திரங்களைத் தடவிப் பார்ப்பார். கறை ஒட்டினால் அன்று யாருக்காவது அர்ச்சனை உண்டு. சுவரில் ஒரு ஷீல்டு தொங்குகிறது, தொழிற்சாலையிலேயே மிகச் சுத்தமான பிரிவு என்று. வருடா வருடம் நாங்கள்தான். சேற்றில் ஓடும் மலை சைக்கிளுக்குப் பெடல் சோதிக்கிற இடம், ஆஸ்பத்திரி மாதிரி இருக்கிறது.

மார்ச் 5, புதன்

அம்மா இன்று திடீரென்று, "நீ அங்க என்னதான் பண்ற? யாராவது கேட்டா எனக்குச் சொல்லத் தெரியல" என்றாள். சலவைக்கூடத்தில் அம்மாவோடு வேலை செய்கிறவர்கள் கேட்டிருக்க வேண்டும். எங்கள் வீட்டில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான். நான் செய்கிற வேலைக்கு எங்கள் வீட்டில் பெயரே இல்லை.

சொன்னேன். சாதாரண பெடல் இல்லம்மா, பூட்டுப் பெடல். ஷூவுக்கு அடியில் சின்ன இரும்புத் தகடு ஒன்று இருக்கும். மிதித்தால் பெடலின் வாய் அதை டக்கென்று கவ்விக்கொள்ளும். மேடுபள்ளத்தில் கால் நழுவாது, மிதிக்கிற பலம் வீணாகாது. இறங்க வேண்டுமென்றால் குதிகாலை வெளிப்பக்கம் திருப்பினால் போதும், விட்டுவிடும். ஆள் கால் மாதிரியே மிதித்துத் திருப்புகிற எந்திரக்கால் ஒன்றில் மாட்டி, பெடல் எத்தனை காலம் உழைக்கிறது, எப்போது கவ்வுகிறது, எப்போது விடுகிறது என்று பார்ப்பதுதான் என் வேலை.

அம்மா துணி மடிப்பதை நிறுத்தினாள். "அதாவது காலைக் கட்டிப் போட்டுக்கிட்டு மலையிலேர்ந்து இறங்குறாங்க."

"ஆமா."

"நல்லா சாப்பிட்டுட்டுதானே இருக்காங்க? எதுக்கு இப்படி?"

மார்ச் 6, வியாழன்

அக்கா விழுந்துவிட்டாள்.

கூடப் பிறந்தவள் இல்லை, எங்கள் புதுப் பெடல் மாடலை மலைச்சரிவில் ஓட்டிப் பார்க்கிற அக்கா. காலையில் ஓடைச் சேற்றில் நன்றாக ஓட்டியிருக்கிறாள். சைக்கிளை வெயிலில் சாய்த்துவிட்டுச் சாப்பிட்டுவிட்டு மறுபடி ஏறியிருக்கிறாள். சரிவின் பாதியில், பெரிய பாறைக்குப் பக்கத்தில் நிறுத்தினாளாம். கால் வரவில்லை. நின்ற வாக்கில், சைக்கிளோடு சேர்ந்து, வெட்டிய மரம் மாதிரி பாறைமேல் சாய்ந்திருக்கிறாள். தோள்பட்டை எலும்பு முறிந்துவிட்டது.

செய்தி கேட்டு ஓடினேன். வண்டியில் ஏற்றும்போது என்னைப் பார்த்தாள். முகம் வெளுத்திருந்தது. "திருப்பினேன்டி" என்றாள். அவ்வளவுதான்.

மார்ச் 7, வெள்ளி

கூட்டத்தில் பளபளா சொன்னது: "எந்திரக்கால் லட்சக்கணக்கான தடவை மாட்டிக் கழட்டியிருக்கு. ஒரு தடவைகூடச் சிக்கல. அப்போ தப்பு எங்க? பதட்டத்துல காலைத் திருப்ப மறந்துட்டாங்க. மனிதத் தவறு. வயசும் ஆகுதில்ல."

வயசாம். அக்கா சரிவில் இறங்குவதை இந்த ஆள் ஒரு நாளாவது நின்று பார்த்திருக்கிறாரா? இனி அவளை ஓட்டக் கூப்பிட வேண்டாமாம். வேறு ஆள் பார்த்துக்கொள்ளலாமாம். மாதக் கடைசியில் பெடல்கள் கடைகளுக்குப் போய்விடும்.

சொல்ல வாயெடுத்தேன். "சார்" வரைக்கும் வந்தது. அவர் திரும்பி, "என்னம்மா, தண்ணியா?" என்று பாட்டிலைத் தள்ளினார்.

வாங்கிக் குடித்தேன். என்ன ஜென்மம் நான்.

மார்ச் 9, ஞாயிறு

அக்கா வீட்டுக்குப் போனேன். கையைக் கழுத்தோடு சேர்த்துத் தொட்டில் கட்டியிருக்கிறார்கள். அவள் கணவர் சட்னிக்கு உப்பு போட மறந்துவிட்டார் என்று அதையே பெரிய செய்தியாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் சிரிக்கவில்லை என்றதும் நிறுத்திவிட்டாள்.

"நான் மறந்துட்டேன்னு சொல்றாங்களாமே?"

தலையாட்டினேன்.

"தூக்கத்துல புரண்டு படுக்கும்போதுகூட என் குதிகால் வெளிப்பக்கமாத்தான் திரும்பும். இவரைக் கேளு, எத்தனை உதை வாங்கியிருக்காருன்னு." சமையலறையிலிருந்து அவர், "உண்மைதான் தங்கச்சி" என்றார். அக்கா குரலைத் தாழ்த்தினாள். "முழுக் காலும் திரும்பிச்சுடி. முட்டி வரைக்கும். அது வாயே திறக்கல."

"எனக்குத் தெரியும்க்கா. நான் நம்புறேன்."

"சரி. எங்க சொன்ன அதை?"

அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் பரவாயில்லை. கிளம்பும்போது அன்றைக்குப் போட்டிருந்த ஷூவைப் பையில் போட்டுக் கொடுத்தாள். "எனக்கு இப்ப இதுல வேலை இல்ல. உனக்கு இருக்கும்."

மார்ச் 10, திங்கள்

போனதும் விழுந்த சைக்கிளின் பெடலைத் தேடினேன். அலமாரியில் இருந்தது. புதுப் பாத்திரம் மாதிரி மின்னியது.

காத்துக்குழாய் அண்ணன்தான் செய்திருக்கிறார். எங்கள் எந்திரங்களை ஓட்டுகிறவர். எந்த நேரமும் காற்றடிக்கிற குழாய் கையில் இருக்கும்.

"யாருண்ணே இதைத் துடைச்சது?"

"நான்தான் பாப்பா. ஒரே களிமண்ணு. காத்தடிச்சு, ரெண்டு சொட்டு எண்ணெய் விட்டு வெச்சேன். நல்லாருக்கில்ல?"

அவர்மேல் கோபப்பட முடியாது. சாயங்காலம் மணி அடித்ததும் எல்லா எந்திரத்துக்கும் காற்று, துணி, எண்ணெய் — இங்கே அது பல் தேய்ப்பது மாதிரி. எந்திரக்காலில் மாட்டியிருக்கும் பெடலுக்கும்...

அங்கேதான் நின்றுவிட்டேன்.

எந்திரக்காலில் மாட்டியிருக்கும் பெடலுக்கும். தினமும். பகலெல்லாம் சேற்றுத் தண்ணீர் பீச்சுகிறோம். ஈரச் சேறு வழிந்து போய்விடும். மிச்சத்தை சாயங்காலம் அண்ணன் ஊதித் தள்ளிவிடுகிறார். மறுநாள் அது குளித்து எண்ணெய் தேய்த்த பிள்ளையாக வேலையைத் தொடங்குகிறது. எங்கள் கூடத்தில் ஒரு பெடலில்கூட மண் காய்ந்ததே இல்லை. லட்சம் தடவையும் ஈரத்தில்தான். ஷீல்டுக்காக.

மார்ச் 11, செவ்வாய்

சரிவுக்குப் போய் வாளி நிறையக் களிமண் கொண்டுவந்தேன். அப்பாவின் பழைய சைக்கிளில் புதுப் பெடலை மாட்டி, சேறு அப்பி, மொட்டை மாடி வெயிலில் நிறுத்தியிருக்கிறேன்.

அம்மா: "துணி காயப்போடுற இடத்துல சேத்தைக் காயப்போடுறியே. இதுக்கா அத்தனை வருஷம் படிக்க வெச்சோம்?"

மார்ச் 12, புதன்

அக்காவின் ஷூவைப் போட்டுக்கொண்டு, சுவரைப் பிடித்தபடி ஏறினேன். முழு எடையும் இறக்கி மிதித்தேன். டக். கவ்வியது. குதிகாலைத் திருப்பினேன்.

ஒன்றும் நடக்கவில்லை.

இன்னும் திருப்பினேன். முட்டியில் வலி. அந்த நொடி என்ன என்று இப்போது தெரியும். காலைக் கேட்கிறோம், கால் நம்முடையது இல்லை. உடம்பு சாய ஆரம்பிக்கிறது. எனக்குச் சுவர் இருந்தது. அவளுக்குப் பாறை இருந்தது.

அம்மாவைக் கூப்பிட்டேன். ஈரப் படுக்கை விரிப்புகளை முறுக்கிப் பிழிகிற கை அம்மாவுடையது. ஷூவைப் பிடித்து முறுக்கினாள். பல்லைக் கடித்துக்கொண்டு முறுக்கினாள். கடைசியில் நாடாவை அவிழ்த்துக் காலை மட்டும் உருவினோம். ஷூ பெடலிலேயே நின்றது.

அம்மா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இதைப் போட்டுக்கிட்டா அந்தப் பொண்ணு மலையிலேர்ந்து இறங்கிச்சு?"

பிரித்துப் பார்த்தேன். ஷூவின் தகடு ஏறும்போது பெடலின் வாய் பின்னுக்குப் போய்த் திறக்கிறது. திரும்ப மூடும்போது அதன் முதுகுக்குப் பின்னால் கொஞ்சம் இடம் உண்டாகிறது. காய்ந்த மண் பொடிந்து அந்த இடத்தில் விழுகிறது. ஆப்பு அடித்தது மாதிரி. பிறகு எப்படித் திறக்கும்? பழைய மாடலில் அங்கே அடியில் ஒரு ஓட்டை இருந்தது. மண் கொட்டிப் போய்விடும். புது மாடலில் அதை அடைத்தது யார்? பளபளாதான். பார்க்க வழவழப்பாக இருக்குமாம்.

மார்ச் 13, வியாழன்

அவர் அறைக்கே போய்ச் சொன்னேன். நின்றபடி, முழுசாக, ஒரு வாக்கியம்கூட விடாமல்.

"வீட்டு மாடியில பண்றதுக்கெல்லாம் சோதனைன்னு பேர் இல்லம்மா" என்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "உங்க வீட்டுல நீதான் முதல் பட்டதாரின்னு சொன்னாங்க. அப்பா அம்மா எவ்வளவு கஷ்டப்பட்டிருப்பாங்க. கிடைச்ச வேலையைக் காப்பாத்திக்கப் பாரு."

என் அம்மாவை ஏன் இழுக்கணும் இந்தாளு? அவ கஷ்டப்பட்டது நான் வாயை மூடிக்கிட்டு இருக்கவா? அவ முறுக்கியே விடல அந்தப் பெடல். இவர் கைக்குட்டையால தடவிப் பாத்துட்டுச் சொல்றார் எனக்கு — வேலையைக் காப்பாத்திக்கணுமாம். காப்பாத்திக்கறேன். என் வேலை என்ன, அது விடுதா இல்லையான்னு பாக்கறதுதானே? அதைத்தானே பாத்தேன்?

மார்ச் 14, வெள்ளி

யாரோடும் பேசவில்லை. பேசினால் கத்திவிடுவேன்.

மார்ச் 17, திங்கள்

நாளை முதலாளியம்மா வருகிறார், கடைக்காரர்களை அழைத்துக்கொண்டு. யார் வந்தாலும் பளபளா தானே ஷூ போட்டு, ஸ்டாண்டில் நிற்கும் சைக்கிளில் ஏறி, டக் டக்கென்று மாட்டிக் கழற்றிக் காட்டுவார். அதில் அவருக்கு அலாதி சந்தோஷம்.

அப்பாவின் சைக்கிளிலிருந்து பெடலைக் கழற்றிவிட்டேன். பிரித்ததை மறுபடி பூட்டி, ஜோடியின் இன்னொன்றையும் சேர்த்துச் சேறு அப்பிக் காய வைத்திருக்கிறேன். ஒளித்து வைத்து ஏமாற்றப் போவதில்லை. சொல்லிவிட்டுத்தான் மாட்டுவேன். குளியலறையில் நின்று அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். அம்மா கதவைத் தட்டி, "உள்ள யாருடி?" என்றாள்.

மார்ச் 18, செவ்வாய்

நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

பளபளா ஷூ நாடாவைக் கட்டிக்கொண்டிருந்தார். நான் போய் ஸ்டாண்டில் இருந்த பெடல்களைக் கழற்றி மண் பெடல்களை மாட்ட ஆரம்பித்தேன். வெள்ளைத் தரையில் மண் உதிர்ந்தது.

"என்னம்மா இது அசிங்கம்?"

"சேத்துல நனைஞ்சு வெயில்ல காஞ்ச பெடல் சார். துடைக்கல." இந்தத் தடவை எல்லோருக்கும் கேட்டது. "அக்கா ஏறினது இப்படித்தான். நீங்களும் இதுல ஏறிப் பாருங்க."

அவர் கடைக்காரர்களைப் பார்த்துச் சிரித்தார். "ஓட்டிட்டு வந்தா யாரும் துடைக்காம வெப்பாங்களா?"

முதலாளியம்மா என்னைப் பார்த்தார். பெடலைப் பார்த்தார். "என் பையன் சைக்கிளை இதுவரைக்கும் துடைச்சு நான் பாத்ததில்ல. ஏறுங்களேன்."

பளபளா ஏறினார். ஓங்கி மிதித்தார். டக். இன்னொரு டக். பெருமையாக நிமிர்ந்தார். திருப்பினார். பிறகு மறுபடி திருப்பினார். சிரிப்பு முகத்திலேயே இருந்தது, ஆனால் அதில் ஆள் இல்லை. மூன்றாவது முறை ஸ்டாண்டே ஆட ஆரம்பித்தது. காத்துக்குழாய் அண்ணன் ஓடிப்போய் இடுப்பைப் பிடித்துக்கொண்டார்.

"பதட்டப்படாதீங்க சார்" என்றேன். சத்தியமாகக் கிண்டலாகச் சொல்லவில்லை. கிண்டலாகத்தான் கேட்டது.

நாடாவை அவிழ்த்து, காலை உருவி இறங்கினார். வெள்ளை சாக்ஸ். உதிர்ந்த மண்மேல் கால் வைத்தார். இரண்டு ஷூவும் பெடலிலேயே நின்றன, யாரோ கண்ணுக்குத் தெரியாதவர் ஏறி நிற்பது மாதிரி.

அண்ணனின் கை தானாகக் குழாய்க்குப் போனது. "வேணாம்ண்ணே. அப்படியே இருக்கட்டும்" என்றேன்.

கடைக்காரர் ஒருவர் மெதுவாகக் கேட்டார்: "விழுந்த அந்தம்மா எப்படி இருக்காங்க?" இத்தனை நாளில் அந்தக் கூடத்தில் யாரும் கேட்காத கேள்வி.

மார்ச் 21, வெள்ளி

பெடல் பெட்டிகள் இப்போதைக்குக் கடைகளுக்குப் போகாது. ஓட்டையைத் திறக்கச் சொல்லிவிட்டார்கள்.

கோபம் போய்விடும் என்று நினைத்தேன். போகவில்லை. ஒரு ஆள் சாக்ஸோடு நின்றால்தான் நம்புவார்களா? எலும்பு முறிந்த ஒருத்தி சொன்னால் போதாதா?

ஏப்ரல் 11, வெள்ளி

கூட்டம். பளபளா எழுந்து, "இனி பெடலைச் சேத்தோட காய வெச்சுத்தான் சோதிக்கப் போறோம். நம்ம பிரிவோட யோசனை, எனக்கு ரொம்ப நாளாவே மனசுல இருந்தது" என்றார்.

"என் யோசனை சார்" என்றேன். "விழுந்தது அக்கா. அவங்க காலைத் திருப்ப மறக்கல. அதையும் இங்கயே சொல்லிடுங்க."

பாட்டிலைத் தள்ளவில்லை. கண்ணாடியைத் துடைத்தார், ரொம்ப நேரம். பிறகு சொன்னார். முணுமுணுப்பாகத்தான். பக்கத்து நாற்காலிக்கு மட்டும் கேட்டிருக்கும்.

"சத்தமா சார்."

மறுபடி சொன்னார்.

ஏப்ரல் 30, புதன்

இந்த வருட ஷீல்டு பெயின்ட் பிரிவுக்குப் போய்விட்டது. ஆணி மட்டும் இருக்கிறது.

அக்காவுக்குக் கட்டு பிரித்துவிட்டார்கள். எலும்பு இன்னும் கெட்டியாக வேண்டும், சைக்கிள் பக்கம் போகக்கூடாதாம். போனில், "டாக்டர்கிட்ட ஒரே கேள்விதான் கேட்டேன், எப்ப ஏறலாம்னு. அந்தாளு நாற்காலியிலேர்ந்து விழப் பாத்தாரு" என்றாள். அவள் இடத்துக்கு வேறு ஆள் பார்க்கவில்லை.

சாயங்காலம் மணி அடித்தது. காத்துக்குழாய் அண்ணன் வரிசையாக ஊதிக்கொண்டே வந்தார். எந்திரக்காலிடம் வந்ததும் நின்றார். என்னைப் பார்த்தார். குழாயை மூடி, தோளில் போட்டுக்கொண்டு அடுத்ததற்குப் போனார்.

பெடலில் மண் காய்ந்துகொண்டிருந்தது.