ஆவி என்று எழுதியதால் பூட்டப்பட்ட அறை

அனுப்புநர்:
சு. சந்திரமதி,
உயர்நிலை நான்கு (தனித் தேர்வர்),
31, கெர்பாவ் ரோடு, மேல்மாடி,
சிங்கப்பூர் 8.

பெறுநர்:
வட்டார அதிகாரி அவர்கள்,
முதியோர் கல்வி அலுவலகம்,
சிங்கப்பூர்.

பொருள்: சிராங்கூன் சாலை, கதிரவன் படிப்பகத்தின் பின்னறையில் நடந்துவந்த விஞ்ஞான வகுப்பை "ஆவி அழைக்கும் கூட்டம்" என்று தவறாக எண்ணிப் பூட்டியது – அறையைத் திறக்கவும், உள்ளே அகப்பட்டிருக்கும் செய்முறைக் குறிப்பேடுகளைத் திருப்பித் தரவும் வேண்டி.

பார்வை: படிப்பகச் செயற்குழு தங்களுக்கு எழுதிய 12-9-1966 தேதியிட்ட கடிதம். (அதன் நகல் கதவில் ஒட்டியிருக்கிறது. தெருவே படித்துவிட்டது.)

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் டோபி காட் பக்கம் ஒரு சலவை நிலையத்தில் நீராவி இஸ்திரிப் பிரிவில் ஆறு ஆண்டுகளாக வேலை செய்கிறேன். வயது இருபத்துநான்கு. என்னோடு சேர்த்து ஏழு பேர் இந்த ஆண்டு உயர்நிலை நான்கு தேர்வைத் தமிழில் எழுதுகிறோம். ஏழு பேரும் வேலைக்குப் போகிறவர்கள், ஆகவே ஞாயிறு பிற்பகல் மூன்று மணியிலிருந்து ஆறு மணிவரை மட்டுமே கூடுவோம். ஆசிரியர் கிடையாது. சென்னையில் அச்சான பௌதிகப் புத்தகம் ஒன்றும் இரசாயனப் புத்தகம் ஒன்றும் உண்டு. ஒருவர் வாசிக்க, மற்றவர்கள் கேட்க, புரியாத இடத்தில் எல்லோரும் சண்டை போட, இப்படித்தான் எங்கள் படிப்பு நடந்தது. இதற்கு அனுமதி தந்தது தங்கள் அலுவலகம் என்பதால்தான் தங்களிடமே முறையிடுகிறேன்.

2. மனுவில் இதை எழுதலாமா என்று தெரியவில்லை. ஆனாலும் எழுதாவிட்டால், அறையைப் பூட்டியதால் எங்களுக்கு என்ன போயிற்று என்பது தங்களுக்கு விளங்காது. வகுப்பில் சேரும்வரை பௌதிகம், இரசாயனம் என்றால் மனப்பாடம் செய்து ஒப்பிக்கிற ஏதோ ஒன்று என்றுதான் நினைத்திருந்தேன். முதல் மாதம் சிவப்பு லிட்மஸ் தாளைச் சலவைச் சோடா கரைத்த நீரில் நனைத்தோம். தாள் நீலமாயிற்று. அதையே எலுமிச்சைச் சாற்றில் தொட்டதும் மறுபடி சிவந்தது. ஆறு வருடமாக என் விரல் தோலை உரித்துவரும் அதே சோடா, ஐயா. அது ஒரு காரம், அதற்கு இன்ன குணம் உண்டு, அதை அடக்க ஓர் அமிலம் உண்டு என்று யாரும் எனக்குச் சொன்னதில்லை. அந்தத் தாள் துண்டை வீச மனம் வராமல் அடையாள அட்டையோடு வைத்திருக்கிறேன்.

3. பிறகு வெப்பம் என்ற பாடம் வந்தது. என் இடது முழங்கைக்குக் கீழே ஒரு தழும்பு இருக்கிறது. நான்கு வருடத்துக்கு முன் இஸ்திரிக் குழாய் விட்டுப்போய் நீராவி அடித்தது. கொதிநீர் பட்டவர்களுக்குக்கூடப் பத்து நாளில் ஆறிவிட, எனக்கு மட்டும் இரண்டு மாதம் ஆனது ஏன் என்று கேட்டதற்கு, உன் நேரம் என்றார்கள். புத்தகத்தில் 88ஆம் பக்கத்தில் காரணம் அச்சாகியிருக்கிறது. கொதிக்கும் நீருக்கும் நீராவிக்கும் சூடு ஒன்றுதான், தெர்மாமீட்டரில் இரண்டும் ஒரே கோட்டில்தான் நிற்கும். ஆனால் நீராவிக்குள் வெப்பம் ஒளிந்திருக்கிறது. ஒரு கிராம் நீராவி நீராகும்போது ஐந்நூற்று நாற்பது கலோரியை இறக்கிவிட்டுத்தான் நீராகும். அதற்கு உள்ளுறை வெப்பம் என்று பெயர். அன்று அது இறங்கிய இடம் என் கை. என்னை அறியாத யாரோ, நான் பிறப்பதற்கு எத்தனையோ காலம் முன்பே, என் கையைப் பற்றிக் கணக்குப் போட்டு வைத்திருக்கிறார்கள் என்று எண்ணியபோது எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. அன்று வகுப்பில் அதற்குமேல் வாசிக்க முடியாமல் புத்தகத்தைப் பக்கத்தில் இருந்தவரிடம் கொடுத்துவிட்டேன்.

4. இப்போது வழக்குக்கு வருகிறேன். கடந்த செப்டம்பர் 4ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை ஒன்பதாவது செய்முறையைச் செய்தோம். மருந்துக்கடையில் வேலை செய்யும் எங்கள் சகமாணவர் எட்மண்ட் உருண்டைக் கண்ணாடிக் குடுவை ஒன்றைக் கொண்டுவந்தார். அதில் பாதி நீர் ஊற்றிக் கொதிக்கவைத்து, ஆவி நன்றாக வெளியேறியதும் விளக்கை அகற்றி, தக்கையால் இறுக அடைத்துத் தலைகீழாக நிறுத்தினோம். கொதி அடங்கிவிட்டது. பிறகு குடுவையின் மேல் குளிர்ந்த நீரை ஊற்றினோம். ஐயா, பச்சைத்தண்ணீரை ஊற்ற ஊற்ற உள்ளே இருந்த நீர் மறுபடி கொதித்தது. அடியில் நெருப்பு இல்லை. ஊற்றுவதை நிறுத்தினால் அடங்குகிறது, ஊற்றினால் பொங்குகிறது. ஏழு பேரும் குடுவையைச் சுற்றி நெருங்கி நின்றோம். உள்ளே இருந்த ஆவி குளிர்ந்து நீராகிவிட, அழுத்தம் குறைந்து, குறைந்த சூட்டிலேயே நீர் கொதிக்கிறது என்று புத்தகம் சொல்கிறது. காரணம் தெரிந்த பிறகு ஆச்சரியம் போய்விடும் என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அது அதிகமாகத்தான் ஆயிற்று. பதினோரு முறை ஊற்றிப் பார்த்தோம்.

5. இதில் என் குற்றம் ஒன்று உண்டு, அதை மறைக்கவில்லை. பாடத்தின் தலைப்பை வாசல் பலகையில் எழுதுவது என் பொறுப்பு. "நீராவி" என்று எழுதத் தாளில் இடம் போதவில்லை. ஆகவே, "ஞாயிறு மூன்று மணி: ஆவி. அனைவரும் தவறாமல் வரவும்" என்று எழுதிவிட்டேன். அதற்குக் கீழே, "அடுத்த வாரம்: ஆவி அழுத்தம்" என்றும் எழுதினேன். உள்ளே கரும்பலகையில், "ஆவி எழும், ஆவி அடங்கும், ஆவி திரும்பும்" என்று இருந்தது. பாடம் படித்தவர்களுக்கு இதில் ஒன்றுமில்லை. படிக்காதவர்களுக்கு எப்படித் தோன்றும் என்று நான் யோசிக்கவில்லை.

6. செப்டம்பர் 11ஆம் தேதி வந்து பார்த்தால் கதவில் புதிய பூட்டு. படிப்பகப் பொறுப்பாளர் திரு. தங்கராஜு அவர்கள் சொன்ன வார்த்தைகளை அப்படியே தருகிறேன்: "ஆவி கீவி எல்லாம் இங்க கூப்பிடக் கூடாதுலா. கமிட்டிக்கு கம்ப்ளெயின் வந்திருச்சு. ஆமா, அடுத்த வாரம் ஆவி யார அழுத்தப் போவுது?" அவர் கெட்டவர் அல்லர். கேட்கும்போது அவர் குரலே கொஞ்சம் நடுங்கியது.

7. செயற்குழுவின் கடிதத்தில் அறையில் கைப்பற்றிய பொருள்கள் என்று நான்கைக் குறித்திருக்கிறார்கள். எலுமிச்சம்பழம் ஆறு, மயில்துத்தம் ஒரு பொட்டலம், சாராயம் ஒரு புட்டி, தலைகீழாக வைத்த கண்ணாடிப் பாத்திரம் ஒன்று. சேர்த்துப் படித்தால் எனக்கே பயமாகத்தான் இருக்கிறது. ஆனால் எலுமிச்சம்பழம் லிட்மஸுக்கு. மயில்துத்தம் நீலப் படிகம் வளர்க்க. சாராயம் என்பது சாராய விளக்குக்கு ஊற்றும் எரிசாராயம், குடித்தால் கண் போய்விடும். புத்தகத்தின் 12ஆம் பக்கத்தில் சாராய விளக்கு என்றே படம் போட்டிருக்கிறது. குழுவினர் ஒருவராவது புத்தகத்தைப் புரட்டியிருந்தால் இந்த மனுவுக்கு வேலை இருந்திருக்காது. புத்தகமும் அதே மேசையில்தான் கிடந்தது.

8. இதனால் எங்களுக்கு நேர்ந்தது இது. எங்கள் ஏழு பேரின் செய்முறைக் குறிப்பேடுகளும் அறைக்குள் பூட்டப்பட்டுள்ளன. பன்னிரண்டு செய்முறைகளில் மூன்று இன்னும் பாக்கி. குறிப்பேட்டை அக்டோபர் 24ஆம் தேதிக்குள் ஒப்படைக்காதவர் விஞ்ஞானத் தாளை எழுத முடியாது. தேர்வு தீபாவளி முடிந்த கையோடு நவம்பர் 14ஆம் தேதி தொடங்குகிறது. நான் மருத்துவமனைத் தாதிப் பயிற்சிக்கு விண்ணப்பிக்க இருக்கிறேன். அதற்கு விஞ்ஞானத்தில் தேறியிருக்க வேண்டும், வயதும் இருபத்தைந்தைத் தாண்டக் கூடாது. வரும் மார்ச்சில் எனக்கு இருபத்தைந்து முடிகிறது. இந்த ஆண்டை விட்டால் எனக்கு வேறு ஆண்டு இல்லை, ஐயா. வாழ்நாள் முழுவதும் அந்தக் குழாயின் பக்கத்தில்தான்.

9. புகார் கொடுத்தவர் என்று கடிதத்தில் திருமதி பூவம்மாவின் பெயர் இருக்கிறது. படிப்பகத்துக்குப் பின்சந்தில், எங்கள் ஜன்னலுக்கு எதிர்வீட்டில் இருக்கிறார். இட்டிலி அவித்துத் தேக்கா சந்தையில் விற்பவர். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. நாலு வார்த்தை கேட்டுவிட்டு வருவது என்று போன ஞாயிற்றுக்கிழமைக்கு முந்தின ஞாயிறு அவர் வீட்டுக்குப் போனேன். நான் வாயைத் திறப்பதற்குள் அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டது இது: "ஏம்மா நிப்பாட்டிட்டீங்க? இன்னும் ஒரு வாரம் கூப்பிட்டிருந்தா வந்திருப்பாரே."

10. அவர் புகார் எதுவும் கொடுக்கவில்லை. அவருடைய கணவர் மருதப்பன் சென்ற டிசம்பரில் மருத்துவமனையில் காலமானார். அறுவைச் சிகிச்சை முடிந்த நிலையில் அவருக்குத் தண்ணீர் கொடுக்கக் கூடாது என்பது டாக்டரின் உத்தரவு. அது சரியான உத்தரவுதான். ஆனால் அவர் கடைசியாகக் கேட்டது தண்ணீர், அது கிடைக்காமலே போய்விட்டார். எங்கள் வாசல் அறிவிப்பைப் பேரன் வாசித்துச் சொன்னதும், பூவம்மா சந்தில் வந்து ஜன்னலோரம் நின்றிருக்கிறார். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "நீங்க தண்ணி ஊத்தினதும் உள்ள பொங்கிச்சே. குடிக்க வந்துட்டாருன்னு நெனச்சேன்மா. தாகம் தீந்துச்சான்னு ஒரே ஒரு வார்த்த கேக்கணும், அவ்வளவுதான்." இதைச் சந்தையில் நாலு பேரிடம் சந்தோஷமாகச் சொல்லியிருக்கிறார். அது காது மாறி வாய் மாறிச் செயற்குழுவுக்குப் போய்ப் புகாராகிவிட்டது.

11. ஐயா, சண்டைக்குப் போனவள் அவருடைய அடுப்படியில் உட்கார்ந்து அழுதேன். பிறகு மனதைத் திடப்படுத்திக்கொண்டு, இட்டிலிப் பானையின் மூடியைத் திறந்து, அதிலிருந்து எழுவதைக் காட்டி, நாங்கள் எழுதியது இந்த ஆவி என்றேன். ஈரத் துணியில் துடைத்துக் குளிரவைத்த தட்டு ஒன்றை அதன்மேல் பிடித்தேன். தட்டில் முத்து முத்தாக நீர் கோத்துச் சொட்டியது. அவர் சொட்டிய துளியை விரலால் தொட்டுப் பார்த்தார். "இட்டிலிக்கு வர்ற ஆவியா! நாப்பது வருசமா என் மூஞ்சியிலதான் அடிக்குது, நான் பாத்ததே இல்லையே" என்றார். பிறகு தட்டை என்னிடமிருந்து வாங்கித் தாமே பிடித்தார். ஆவி நீராகிறது, நீர் ஆவியாகிறது, ஒரு துளியும் காணாமல் போவதில்லை என்று சொன்னேன். அப்போது அவர், "மனுசங்களும் அப்படித்தானாம்மா?" என்று கேட்டார். அதற்கு எங்கள் புத்தகத்தில் விடை இல்லை. எனக்குத் தெரியாது என்று உண்மையைச் சொன்னேன். அவருடைய கணவர் ஜன்னலுக்கு உள்ளே வரவில்லை என்பதையும் நானே சொல்லவேண்டியதாயிற்று. இந்தத் தேர்வில் இதைவிடக் கடினமான கேள்வி எனக்கு வராது.

12. ஆகவே தாங்கள் தயைகூர்ந்து,
அறையை வரும் ஞாயிறு, அக்டோபர் 9ஆம் தேதிக்குள் திறக்க உத்தரவிட வேண்டும்;
அது முடியாதெனில் ஏழு குறிப்பேடுகளையும் குடுவையையுமாவது எங்களிடம் ஒப்படைக்கச் செய்ய வேண்டும்;
"ஆவி அழைக்கும் கூட்டம்" என்ற சொற்களைத் தங்கள் கோப்பிலிருந்து நீக்க வேண்டும், ஏனெனில் தாதிப் பயிற்சிக்கு நன்னடத்தைச் சான்று கேட்பார்கள்;
புகார் கொடுத்தவர் என்ற இடத்திலிருந்து பூவம்மாவின் பெயரையும் எடுத்துவிட வேண்டும். அவர் யாருக்கும் கேடு நினைத்தவர் அல்லர்.

இனி வாசல் அறிவிப்புகளில் சொற்களை முழுமையாக எழுதுவேன் என்று இதன்மூலம் உறுதி கூறுகிறேன். தாள் போதாவிட்டால் இரண்டு தாள் ஒட்டுவேன்.

தங்கள் பதிலுக்காக ஒவ்வொரு நாளையும் எண்ணிக்கொண்டிருக்கும்,
சு. சந்திரமதி
(மற்ற அறுவரின் கையொப்பங்கள் பின்பக்கத்தில் உள்ளன.)

இடம்: சிங்கப்பூர்
நாள்: 3-10-1966

பின்குறிப்பு: திருமதி பூவம்மா இந்த மனுவை முழுதும் வாசிக்கச் சொல்லிக் கேட்டார். தாமும் கையொப்பமிட விரும்புவதாகவும், தம் பேச்சைத் திருத்தாமல் எழுத வேண்டும் என்றும் சொன்னார். அவ்வாறே எழுதுகிறேன்:

"ஐயா, நான் கம்ப்ளெயின் ஒண்ணும் கொடுக்கல. இந்தப் பிள்ளைங்க நல்ல பிள்ளைங்க. அவரு வரமாட்டாருன்னு இப்ப எனக்குத் தெரியும். இருந்தாலும் தண்ணி எப்படி அப்படிப் பொங்குதுன்னு கிட்டக்க பாக்கணும். ஜன்னல்ல நின்னு நின்னு கால் வலிக்குது. கதவத் தொறந்து விடுங்க, நான் உள்ள உக்காந்து பாக்கறேன்."

பூவம்மா, இடது கைப் பெருவிரல் ரேகை.