உங்கத்தாவின் மூக்கும் என் சந்தேகமும்

மகபூப்பாளையம், மதுரை.
ஞாயிற்றுக்கிழமை, லுஹர் தொழுகைக்குப் பின்.

அன்பு மகள் ஆயிஷா சித்திகாவுக்கு அம்மா ஆரிபா எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் நானும் உங்கத்தாவும் இங்கே மூச்சுக்குக் குறைவில்லாமல் இருக்கிறோம், அந்தக் குளிர் ஊரில் நீயும் மாப்பிள்ளையும் அப்படியே இருக்க வேண்டும் என்று ஒவ்வொரு தொழுகையிலும் கேட்கிறேன். தினமும் போனில் பேசுகிறவள் எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பாய். போனை எடுத்தாலே உங்கத்தா ஸ்பீக்கரில் போடு என்று பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிடுகிறார், வாட்ஸ்அப்பில் எழுதலாமென்றால் என் போனுக்கு சார்ஜ் போடுவதே அவர்தான். மாப்பிள்ளையின் சிநேகிதர் அப்துல் ஹலீம் வியாழக்கிழமை டப்ளினுக்குக் கிளம்புகிறார் என்று கேள்விப்பட்டேன், அவர் கையில் கொடுத்தனுப்புகிறேன். கவர் ஒட்டிய இடத்தில் குறுக்காக என் கையெழுத்துப் போட்டிருக்கிறேன், அது கலைந்திருந்தால் உடனே சொல். நல்ல பிள்ளைதான், இருந்தாலும் சொல்.

உனக்கு எல்லாம் அரைகுறையாகத்தான் தெரியும், முழுசாகச் சொல்கிறேன். நோன்புக்கு மூன்று மாதம் முன்னால் உங்கத்தா நம் கப்பலூர் பட்டறைக்குக் குட்டியானை லோடு வண்டியை ஓட்டிக்கொண்டு போனவர், திருநகர் தாண்டியதும் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடியே கண்ணயர்ந்து ரோட்டு நடுவில் இருக்கும் தடுப்புச் சுவரில் உரசிவிட்டார். காலை பத்து மணி, நல்ல வெயில். பக்கத்தில் யாரும் வராததால் வண்டியில் கீறலோடு போயிற்று. உன்னிடம் நாய் குறுக்கே வந்ததாகச் சொன்னோமே, நாயும் இல்லை பூனையும் இல்லை. அதற்குப் பிறகுதான் கே.கே. நகரில் காது மூக்கு தொண்டை பார்க்கும் டாக்டர் தமிழ்வாணியம்மாவிடம் அவரைக் கூட்டிக்கொண்டு போனேன். விரலிலும் நெஞ்சிலும் வயரைக் கட்டித் தூங்க வைத்துப் பார்த்தார்கள். தூக்கத்தில் ஒரு மணி நேரத்துக்கு முப்பத்தெட்டுத் தடவை மூச்சு நின்று நின்று வருகிறதாம், எட்டு மணி நேரம் படுத்திருந்தாலும் உடம்புக்கு அது தூக்கமே இல்லையாம், பகலில் கண் சொருகுவது அதனால்தானாம். மூக்கில் மாஸ்க் மாட்டி, காற்றை அழுத்தி உள்ளே அனுப்புகிற மெஷின் வைத்துத்தான் இனிப் படுக்க வேண்டும் என்றார் டாக்டர். கட்டில் பக்கத்தில் இருப்பதை நீ வீடியோவில் பார்த்துவிட்டு பிஸ்கட் டப்பா மாதிரி இருக்கிறதென்று சிரித்தாயே, அதுதான் அந்த மெஷின்.

மெஷின் வந்தது, சுகம் வரவில்லை. காலையில் எழுந்து பார்த்தால் மாஸ்க் தலையணைக்கு அடியில் கிடக்கும், இவர் வாயைப் பிளந்தபடி பழைய மாதிரியே குறட்டை விட்டுக்கொண்டிருப்பார். கேட்டால் "நான் எங்க கழட்டுனேன், அதுவாக் கழண்டுக்குது" என்பார். எனக்கு முதல் சந்தேகம் மெஷின் மேல். அதை வீட்டுக்கு வந்து மாட்டிக் கொடுத்த ஜெயக்கொடி, யாரோ வைத்திருந்த பழசைத் துடைத்து நம் தலையில் கட்டிவிட்டார் என்று நினைத்தேன். அட்டைப் பெட்டியில் இருந்த நம்பரையும் மெஷினுக்கு அடியில் இருந்த நம்பரையும் கண்ணாடி போட்டுக்கொண்டு ஒத்துப் பார்த்தேன். ஒத்துத்தான் இருந்தது. ஸ்டிக்கரை மாற்றி ஒட்டியிருப்பாரோ என்று நகத்தால் சுரண்டியும் பார்த்தேன். அடுத்த சந்தேகம் டாக்டர் மேல். மூக்குக்குள் நடு எலும்பு கொஞ்சம் வளைந்திருக்கிறது, தேவைப்பட்டால் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று அவர் சொன்னது, ஆபரேஷனுக்கு அடி போடுவது மாதிரியே என் காதில் விழுந்தது. அப்புறம் மாடி வீட்டுக்காரர் வளர்க்கிற புறாக்கள் மேல் சந்தேகம், அந்தத் தூசிதான் மூக்கை அடைக்கிறதென்று அவரிடம் சண்டைக்கே போய்விட்டேன்.

நோன்பு பிறந்ததும் நிலைமை இன்னும் மோசமாயிற்று. பகல் முழுவதும் உங்கத்தாவுக்கு மூக்கு இரண்டும் மெழுகு வைத்து அடைத்த மாதிரி, வாயால்தான் மூச்சு, தண்ணீரும் குடிக்க முடியாதே, நாக்கு வறண்டு பேச்சே குழறும். ஆனால் சாயங்காலம் நோன்பு திறக்கப் பாங்கு சொன்னதும் பேரீச்சம்பழத்தை வாயில் போட்டவர், கஞ்சிக் கோப்பையைக்கூடத் தொடாமல் நேரே உள் அறைக்குப் போய்க் கதவைச் சாத்துவார். ஐந்து நிமிஷத்தில் வெளியே வரும்போது மூக்கு திறந்து, முகம் தெளிந்து, வேறு ஆளாக வருவார். படுக்கப் போகும் முன்னும் அதேபோல் ஐந்து நிமிஷம். சிகரெட்டை விட்டுப் பத்து வருஷம் ஆகிறது, மறுபடி தொட்டுவிட்டாரோ என்று சந்தேகப்பட்டேன். கதவுக்கு வெளியே நின்று கேட்டேன், தீக்குச்சி சத்தம் இல்லை, அவருடைய அத்தர் பெட்டியின் மூடி திறந்து மூடுகிற சத்தம்தான் கேட்டது. கழற்றிப் போட்ட சட்டையை எடுத்து முகர்ந்து பார்த்தேன். புகை வாசனை இல்லை. அத்தர் வாசனையும் இல்லை. தினம் அத்தர் பெட்டியைத் திறக்கிற மனுஷன் மேல் அத்தர் வாசனை ஏன் இல்லை?

அந்த வாரமே ஜெயக்கொடி மெஷினைச் சரிபார்க்க வந்தார். நான் பிடித்துக் கொண்டேன், பழைய மெஷினைக் கொடுத்து ஏமாற்றுகிறீர்களா என்று கேட்டேவிட்டேன். அவர் கோபப்படவில்லை, மெஷினுக்குள் பதிவாகியிருந்ததைத் தன் போனில் எடுத்துக் காட்டினார். "காத்து சரியாத்தாம்மா வருது. படுத்ததும் மொத மூணு மணி நேரம் அய்யா நல்லாத்தான் தூங்குறாரு. அதுக்கப்புறம் மூக்கு அடைச்சுக்கிருது. உள்ள போக வழியில்லேன்னா காத்து என்ன செய்யும், வாய் வழியா வெளிய வந்துருது. மூச்சு முட்டவும் கை தானா மாஸ்க்க இழுத்துப்புடுது" என்றார். தினமும் சொல்லி வைத்தாற்போல மூன்று மணி நேரம் மட்டும் மூக்கு ஏன் திறந்திருக்க வேண்டும்? எனக்குச் சந்தேகம் அங்கே உறுதியாயிற்று.

உங்கத்தா அஸர் தொழுகைக்குப் பள்ளிக்குப் போன நேரம் பார்த்து அத்தர் பெட்டியைத் திறந்தேன். கண்ணாடிக் குப்பிகளுக்கு நடுவில் ஒரு பிளாஸ்டிக் குப்பி, மூக்கில் விடுகிற சொட்டு மருந்து. அடியில் விரித்திருந்த துணியைத் தூக்கினால் காலிக் குப்பிகள் பதினொன்று. நோன்பு திறந்து, அவர் கஞ்சி குடித்து முடிக்கும்வரை பொறுத்திருந்து, பன்னிரண்டையும் அவர் முன்னால் வரிசையாக வைத்தேன். சத்தம் போடுவார் என்று நினைத்தேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார். "இது இல்லேன்னா எனக்கு மூச்சே கெடையாது ஆரிபா. மொதல்ல ஒரு சொட்டு விட்டா விடிய விடியத் தாங்குச்சு. இப்ப எம்புட்டு விட்டாலும் மூணு மணி நேரந்தான்" என்றார். நோன்பு முறிந்துவிடும் என்று பகலில் தொடவே மாட்டாராம், அதை எப்படியோ பல்லைக் கடித்துக்கொண்டு தாங்கியிருக்கிறார், அந்த நிலைமையிலும் வண்டி ஓட்டியிருக்கிறார். டாக்டரிடம் ஏன் சொல்லவில்லை என்றேன். "சொன்னா, தூக்கம் இன்னும் சரியாகலேன்னு வண்டியத் தொடக் கூடாதும்பாங்க. பட்டறைய யாரு பாக்குறது" என்றார். நம் தெரு மருந்துக் கடையில் வாங்கினால் என் காதுக்கு வரும் என்று தல்லாகுளம் வரைக்கும் போய் வாங்கியிருக்கிறார். முதல் குப்பி எங்கிருந்து வந்தது என்று கேட்டபோதுதான் வாயைத் திறக்க மறுத்தார். விடாமல் கேட்டேன். போன வருஷம் நீ ஜலதோஷத்தோடு ஊருக்கு வந்தாயே, போகும்போது பாத்ரூம் அலமாரியில் மறந்து வைத்துவிட்டுப் போன குப்பிதானாம் அது. "பாப்பாட்ட மட்டும் சொல்லிராத, அது மனசு உடைஞ்சு போகும்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். சத்தியம் செய்யச் சொன்னார். நான் செய்யவில்லை.

மறுநாளே தமிழ்வாணியம்மா முன்னால் கொண்டுபோய் உட்கார வைத்தேன். ஒரு வார்த்தை திட்டவில்லை அந்தம்மா. "அஞ்சு நாளைக்கு மேல போடக் கூடாத மருந்துய்யா இது. வேகம் எறங்குனதும் உள்ள இருக்குற சதைய முன்னவிட அதிகமா வீங்க வச்சிரும். நீங்க திரும்ப விட, அது திரும்ப வீங்க, மெஷின் எம்புட்டுத்தான் ஊதும்?" என்றார். அன்று பார்த்தபோது பிரஷரும் ஏறியிருந்தது, அதற்கும் இது ஒரு காரணமாக இருக்கலாம் என்றார். முதலில் ஒரு மூக்கில் சொட்டை நிறுத்தச் சொன்னார், அது திறந்த பிறகு மற்றதில். வீக்கம் வடிய வேறொரு ஸ்பிரே, காய்ச்சி ஆறவைத்த தண்ணீரில் உப்புத்தூள் பாக்கெட்டைக் கலந்து மூக்கைக் கழுவ வேண்டும், எல்லாம் நோன்பு திறந்த பிறகே செய்துகொள்ளலாம் என்றார். உங்கத்தா, நான்தான் தொழுகைக்கு முன் ஒளு செய்யும்போது மூக்குக்குத் தண்ணீர் விடுகிறேனே என்றார், அது வேற இது வேற என்று டாக்டர் சிரித்துவிட்டார். வண்டிச் சாவியை நான் வாங்கிக்கொண்டேன், பட்டறையில் வேலை பார்க்கும் காளைதான் ஓட்டினார். முதல் பத்து நாள் உங்கத்தா பட்ட பாட்டைப் பார்க்க முடியவில்லை ஆயிஷா, சுவரில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டே, "ஒரு சொட்டு குடு, ஒண்ணே ஒண்ணு" என்று கெஞ்சுவார். நான் கொடுக்கவில்லை, சமையலறைக்குள் போய் அழுதுவிட்டு வருவேன். ஜெயக்கொடி வந்து, மெஷினில் தண்ணீர் சூடாகி ஈரக் காற்று வருகிற மாதிரி வைத்துக் கொடுத்து, உங்கத்தாவின் முகத்துக்குப் பொருந்துகிற சின்ன மாஸ்க்காக மாற்றினார். பெருநாளன்று ஜெயக்கொடியின் வீட்டுக்கு பிரியாணி கொண்டுபோய்க் கொடுத்து, ஸ்டிக்கரைச் சுரண்டியதையும் சொல்லி மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தேன். மாடி வீட்டுக்கு இன்னும் போகவில்லை, அந்தப் புறாக்களை நான் இன்னும் முழுசாக நம்பவில்லை.

முந்தாநாள் ஜும்ஆ முடிந்து சாப்பிட்டு, நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். வீட்டில் ஒரு சத்தமும் இல்லை. முப்பத்தைந்து வருஷமாக வெள்ளிக்கிழமை மத்தியானம் இந்த வீடு இப்படி இருந்ததில்லை. எனக்குத் தெரியாமல் தல்லாகுளத்துக்குக் கிளம்பிவிட்டார் என்றே முடிவு கட்டிக்கொண்டு, ஈரக் கையோடு வாசலுக்கு ஓடினேன். செருப்பு இருந்தது. வண்டியும் நின்றது. உள் அறைக் கதவை மெல்லத் தள்ளினால், மாஸ்க்கை மாட்டிக்கொண்டு வாய் மூடிப் படுத்திருக்கிறார், நெஞ்சு சீராக ஏறி இறங்குகிறது, குறட்டை என்பதே இல்லை. நம்பிக்கை வராமல் பக்கத்தில் போய்க் குனிந்து பார்த்தேன். கண்ணைத் திறக்காமலே மாஸ்க்குக்குள்ளிருந்து, "இருக்கேன் புள்ள, போ" என்றார். அங்கேயே கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டேன், பாத்திரம் அப்படியே கிடந்தது.

உன்மேல் எனக்கு எள்ளளவும் வருத்தமில்லை, மறந்து வைத்துவிட்டுப் போனது ஒரு குற்றமா. ஆனால் இதை உனக்கு எழுதக் காரணம் வேறு. சென்ற வாரம் இரண்டு முறை பேசியபோதும் உன் குரல் மூக்கடைத்தே இருந்தது, இங்கே குளிர் அம்மா என்றாய். புறாத் தூசி என்று நான் சண்டை போட்டபோது உங்கத்தாவும் ஆமாம் என்று சொல்லாத குறைதான். உன் கைப்பையைத் திறந்து பார், அந்த மாதிரிக் குப்பி இருந்தால் அங்கேயுள்ள டாக்டரிடம் எடுத்துக்கொண்டு போ. மாப்பிள்ளையிடம் தனியாகக் கேட்டுத் தெரிந்துகொள்வேன், அவர் பொய் சொன்னால் எனக்குத் தெரியும். உங்கத்தாவிடம் இந்தக் கடிதத்தைப் பற்றி மூச்சு விடாதே. இறைவன் உங்கள் இருவருக்கும் நல்ல தூக்கத்தையும் நிறைந்த ஆயுளையும் தரட்டும், ஆமீன்.

உன் நல்லதுக்காகவே சந்தேகப்படும் அம்மா,
நா. ஆரிபா