மாட்டை விற்றவர் மணியை ஏன் விற்கவில்லை?

மாப்ளே,

இன்று கும்மிடிப்பூண்டி ஸ்டேஷன் வாசலில் பஜ்ஜி வாங்கினேன். எண்ணெய் ஊறிய தாள், ஏதோ பள்ளிக்கூடத்துக் கேள்வித்தாள். 'மாட்டின் நிறம் என்ன? சந்தை எந்தக் கிழமை கூடியது?' கடைக்காரரிடம் சொன்னேன்: "இதெல்லாம் ஒரு கேள்வியா? என் அக்கா பையன் தமிழ் வாத்தியாரு. அவன் கேள்வி கேட்டா ஊரே குந்தி யோசிக்கும்." நீ போய்விட்டதை மட்டும் அவரிடம் சொல்லவில்லை.

நீ பாடம் நடத்திய அதே கதைதான். அப்பா மாட்டைச் சந்தையில் விற்கிறார். கழுத்து மணியை மட்டும் கழற்றிக்கொண்டு வருகிறார். ஒரு ஞாயிற்றுக்கிழமை நீ அதை எனக்குச் சொன்னாய். நான் காவலிருக்கும் கம்பெனி கேட்டில் என் கையெழுத்து இல்லாமல் ஒரு லாரியும் நகராது. நான் எட்டாவதோடு நின்றதில் நஷ்டம் கல்வித்துறைக்குத்தான். அதனால்தானே என்னிடம் கேட்டாய்: "மணிய ஏன் விக்கல மாமா?"

"அது வெள்ளி மணிடா. உள்ள வைரம் வேற."

"பாடத்துல எங்க கீது? வரியக் காட்டு."

விடுவேனா? "வந்ததும் காலிக் கொட்டாயப் பெருக்கினாருன்னு சொன்னியே. மாடு இல்லாத கொட்டாய எதுக்குப் பெருக்கணும்? திரும்ப வாங்கிக்கினு வந்துடலாம்னு நெனப்பு."

டீயைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தாய். "இதத்தான் மாமா பசங்களக் கேக்கணும்." அங்கேயே எழுதினாய்: 'மணியை ஏன் விற்கவில்லை? நீ நினைப்பதை எழுது. அப்படி நினைக்கவைத்த வரியைக் காட்டு.' அந்தக் கேள்வியில் பாதி என்னுடையது என்று சொல்லித் திரிகிறேன். ஆளைப் பொறுத்து முக்கால் என்பேன்.

அதைப் பரீட்சைத் தாளில் பார்த்துத் தலைமையாசிரியர் முறைத்தார். "ஒரே விடை இல்லாத கேள்விய எப்படி சார் திருத்துவீங்க? பசங்க வெத்துத்தாள் குடுத்தாங்கன்னா அடுத்த பரீட்சைல இது கிடையாது." தாள் கைக்கு வரும்வரை உனக்குச் சோறு இறங்கவில்லை.

பெரும்பாலோர் கதையையே திருப்பி எழுதியிருந்தார்கள். எப்போதும் ஒன்றும் எழுதாத ஒரு பெண் எழுதியிருந்தாள்: 'மணி கூடவே போனால் அந்தச் சத்தத்தில் மாடு இவரைத் தேடும். தேடக்கூடாது என்று கழற்றிக்கொண்டார். வரி: போகும்போது மாடு திரும்பிப் பார்த்தது.'

எனக்கும் தோன்றாத விடை, உனக்கும் தோன்றாத விடை. முழு மதிப்பெண் போட்டுத் தலைமையாசிரியரிடம் நீட்டினாய். "கேள்வி இருக்கட்டும் சார்" என்றாராம். அவர் தேம்பித் தேம்பி அழுதார் என்று ஊரில் சொல்லிவைத்திருக்கிறேன். நீ சொன்னது, கண்ணாடியைத் துடைத்தார் என்பதுதான்.

அந்த வருஷமே காய்ச்சல் உன்னைக் கொண்டுபோனது. பிறகு உன் வண்டியையும் விற்றோம்.

போன வாரம் காக்களூரில் உன் வீட்டுக்குப் போனேன். வண்டி நின்ற இடத்தை அக்கா பெருக்கிக்கொண்டிருந்தாள். தினமும் பெருக்குகிறாளாம். ஏன் என்று நான் கேட்கவில்லை.

உன்னைப் பற்றி எவ்வளவோ அளக்கிறேன். அளக்கும்போதெல்லாம் "எங்க கீது மாமா?" என்ற உன் குரல் காதில் விழுகிறது. ஆனால் அக்காவைப் பற்றிச் சொன்னதில் ஒரு சொல்லும் நான் சேர்த்ததில்லை, மாப்ளே. வரியைக் கேட்டால் காட்டுவேன்: அக்கா பெருக்கினாள்.